25,000 ரூபாய்க்குள் முதல் ரோடு பைக், தினமும் வேலைக்குப் போய்வர

கேள்வி, 8 ஜூன் 2025

வீடு கேரள எல்லையில் வேலந்தாவளம் பக்கம், வேலை பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில். கோழிப்பாறை, மேனோன்பாறை வழியாகப் போனால் ஒரு பக்கம் பதினைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். இப்போது பஸ்ஸில் போகிறேன், நடுவில் மாற வேண்டும், ஒன்று போனால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. 25,000 சேர்த்து வைத்திருக்கிறேன். வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோடு பைக் சைக்கிள்தான் வேண்டும். நேரான ஹேண்டில்பார் வைத்த ஹைபிரிட் சைக்கிள் வேண்டாம், பார்க்க ஸ்கூல் பையன் வண்டி மாதிரி இருக்கிறது. எந்த மாடல் வாங்கலாம், சொல்லுங்கண்ணா.

8 ஜூன், இரவு

மாடல் பேரெல்லாம் நான் சொல்லப் போவதில்லை தம்பி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பேரும் மாறுகிறது, விலையும் மாறுகிறது, நீங்கள் கடைக்குப் போகிற அன்றைக்கு உங்கள் சைஸில் எது நிற்கிறதோ அதில் ஒன்றைத்தான் எடுக்கப் போகிறீர்கள். எதைப் பார்த்து எடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன். எனக்கு வீடு கொழிஞ்சாம்பாறை, வேலை சித்தூரில். ஆந்திரா சித்தூர் என்று நினைத்து ஒருவர் என்னைப் பெரிய வீரன் ஆக்கிவிட்டார்; இது நம்ம பாலக்காட்டுச் சித்தூர், நல்லேப்பிள்ளி தாண்டினால் வந்துவிடும்.

முதலில் பணம். 25,000 என்பது மொத்தச் செலவு, சைக்கிளின் விலை கிடையாது. அதில் ஐயாயிரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பூட்டு, ஹெல்மெட், நின்றுகொண்டு அடிக்கிற மீட்டர் வைத்த பம்ப், ரெண்டு டியூப், டயர் கழற்றுகிற லீவர், மட்கார்டு. கடைக்காரர் இதையெல்லாம் "அப்புறம் வாங்கிக்கலாம்" என்பார். அந்த அப்புறம் எப்போது வரும் என்றால், ராத்திரி ஏழரை மணிக்கு மேனோன்பாறைக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நடுவில், செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு டயரைக் கழற்றும்போது வரும்.

ஆக வண்டிக்கு 20,000. இந்த விலைக்குப் புதிதாக விற்கிற வளைந்த ஹேண்டில்பார் வண்டிகளில் கியர் லீவர் பிரேக்கோடு சேர்ந்து வராது, பெரும்பாலும் ஹேண்டில்பாரின் நடுத் தண்டுக்குப் பக்கத்தில் எங்கேயாவது இருக்கும். கியர் மாற்ற ஒரு கையை எடுக்க வேண்டும். காலி ரோட்டில் பரவாயில்லை. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் கம்பெனி கேட்டிலிருந்து நூறு மோட்டார் பைக் ஒரே சமயத்தில் வெளியே வரும்போது பிரேக்கை விட்டுக் கை எடுத்துப் பாருங்கள். அதே விலை ஹைபிரிட்டில் பிரேக்கும் கியரும் விரலுக்குக் கீழேயே இருக்கும், சக்கரமும் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். பார்க்க ஸ்கூல் பையன் வண்டி மாதிரி இருக்கிறது என்பதற்கு என்னிடம் மருந்து இல்லை.

9 ஜூன், காலை

விட்டுப்போனது: முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் உள்ளதை எடுக்காதீர்கள். இந்த விலையில் வருகிற ஸ்பிரிங் குழியில் ஒன்றும் செய்யாது, எடையை மட்டும் கூட்டும். குழிக்கு மருந்து டயர்தான்.

9 ஜூன், இரவு

டயர் என்று ஆரம்பித்தேன், முடித்துவிடுகிறேன். ரோடு பைக் என்று பேர் போட்ட வண்டிகளில் பழைய பழக்கத்தில் 23, 25 மி.மீ. டயர் போட்டு விற்பார்கள். நம்ம ரோட்டுக்கு 28-க்குக் கீழே வேண்டாம், 32 இருந்தால் சுகம். மெல்லிய டயர் வேகம் என்பது கண்ணாடி மாதிரி ரோட்டில் சரி. குண்டும் குழியுமாக இருக்கிற இடத்தில் மெல்லிய டயர் உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடும், அந்தத் துள்ளலில் போகிற சக்தியும் உங்கள் காலிலிருந்து வந்ததுதான். எழுபது கிலோ ஆளுக்கு 32 டயரில் அறுபது, அறுபத்தைந்து பி.எஸ்.ஐ. போதும்.

கடையில் பார்க்க வேண்டியது இப்போது போட்டிருக்கிற டயரை மட்டுமில்லை. ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில், பிரேக்குக்குக் கீழே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று விரலை விட்டுப் பாருங்கள். 32 டயரும் மேலே மட்கார்டும் போக இடம் இருக்க வேண்டும். பின் சக்கர அச்சுக்குப் பக்கத்தில் ஃபிரேமில் ஸ்குரூ போடுகிற துளை இருக்கிறதா, ஃபோர்க்கின் அடியில் இருக்கிறதா, அதையும் பாருங்கள். அது இல்லாத ஃபிரேமில் கேரியரும் மட்கார்டும் கட்டுவது கயிறு வைத்துக் கட்டுகிற வேலைதான்.

ஜூன் முதல் வாரம் என்று கணக்கு வைத்திருப்போம், இந்த வருஷம் மே 24-ஆம் தேதியே கேரளாவில் பருவமழை ஆரம்பித்துவிட்டது, 2009-க்கு அப்புறம் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. மட்கார்டு இல்லாமல் கம்பெனிக்குப் போனால் முதுகில் சேற்றுக்கோடு போட்டுக்கொண்டுதான் பஞ்ச் அடிக்க வேண்டும்.

11 ஜூன்

பொள்ளாச்சி அண்ணன் ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார்: "கணவாய்க் காற்றில் ஹைபிரிட் ஓட்டச் சொல்கிறவன் காற்றைப் பார்த்ததே இல்லை." பார்த்திருக்கிறேன் அண்ணா, தினம் வாயில் வாங்குகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்காகப் பாலக்காட்டுக் கணவாயைப் பற்றிச் சொல்கிறேன். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு மேற்குத் தொடர்ச்சி மலையே கிடையாது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து அடிக்கிற மொத்தக் காற்றும் இந்தச் சந்து வழியாகத்தான் கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலை என்று போகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. கார்த்திகை பிறந்தால் தலைகீழ், கிழக்கிலிருந்து வறண்ட காற்று, மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்பார்கள்.

தம்பி போகிறது காலையில் மேற்கே, வருகிறது சாயங்காலம் கிழக்கே. அதாவது இப்போது காலையில் எதிர்க்காற்று, சாயங்காலம் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற சுகம். பருவக்காற்று மத்தியானத்துக்கு மேல்தான் முழு பலத்தோடு அடிக்கும், ஆக இந்தக் கணக்கு அவருக்குச் சாதகம்.

எதிர்க்காற்று எவ்வளவு பிடிக்கும் என்றால், காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். காற்றே இல்லாத நாளில் 20-இல் போகிறீர்கள். எதிரே 20-இல் காற்று அடித்தால் உங்கள் நெஞ்சில் படுவது 40. தடை ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. அப்போது 20-இல் போக முடியாது, கூடுதலாக அழுத்தி மிதித்தாலும் பதிமூன்று பதினாலுக்கு இறங்கிவிடும். முக்கால் மணி நேர வழி ஒரு மணி நேரத்தைத் தாண்டும். கம்பெனியில் சைரன் உங்களுக்காகக் காத்திருக்காது.

இதற்கு ஒரே வழி உடம்பைச் சின்னதாக்குவது, குனிவது. வளைந்த ஹேண்டில்பார் அதற்குத்தான் பிறந்தது, அந்த அளவில் அண்ணன் சொல்வது சரி. ஆனால் நான் ரோட்டில் பார்க்கிற வளைந்த ஹேண்டில்பார்க்காரர்களில் கீழ்ப்பகுதியைப் பிடித்து ஓட்டுகிறவர்கள் ரொம்பக் குறைவு. ஃபிரேம் பெரிதாக இருக்கும், கை எட்டாது, கழுத்து வலிக்கும், மேலே பிடித்தே ஓட்டுவார்கள். மேலே பிடித்தால் ஹைபிரிட்டுக்கும் அதற்கும் காற்றுக்கு வித்தியாசம் தெரியாது.

11 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு இலவச வைத்தியம் ஒன்று. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிற தண்டைக் கழற்றித் தலைகீழாக மாட்டினால், தண்டின் சாய்வைப் பொறுத்து, ஹேண்டில்பார் சில செ.மீ. கீழே இறங்கும். அடியில் இருக்கிற வளையங்களை மேலே மாற்றிப் போட்டால் இன்னும் கொஞ்சம். ஹேண்டில்பார் 62, 64 செ.மீ. அகலம் இருந்தால் ரெண்டு பக்கமும் சமமாக அறுத்து 56-க்குக் கொண்டு வரலாம், கைப்பிடியும் பிரேக்கும் உள்ளே நகர இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. முழங்கையை மடித்துக் குனிந்தால் எதிர்க்காற்றில் நன்றாகவே தெரிகிறது. அறுத்த பிறகு ஒட்ட முடியாது, ஒரு தடவைக்கு ஒரு செ.மீ. அறுங்கள்.

12 ஜூன்

"21 கியர் நல்லதா 7 கியர் நல்லதா?" நம்ம ஊர் சமதளம். முன்னால் ஒரு பல் சக்கரம், பின்னால் ஏழோ எட்டோ போதும். முன்னால் 42 பல், பின்னால் 16 பல் என்றால் ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர் போகும், நிமிஷத்துக்கு 80 மிதித்தால் மணிக்கு 27 கிலோமீட்டர். எதிர்க்காற்றில் பின்னால் 24 பல்லுக்கு மாற்றினால் 75 மிதியில் 17. முன்னால் மூன்று பல் சக்கரம் வைத்தால் தகராறு செய்கிற பார்ட் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான். வால்பாறை ஏறப் போகிறவர்கள் இதைப் படிக்க வேண்டாம்.

15 ஜூன்

நேற்று தம்பி கடைக்குப் போயிருக்கிறார், கடைக்காரர் "உங்க உயரத்துக்கு இது கரெக்ட், சீட்டை இறக்கிக்கலாம்" என்று ஒரு பெரிய ஃபிரேமைக் காட்டியிருக்கிறார். சீட்டை இறக்கலாம், ஃபிரேமின் நீளத்தை இறக்க முடியாது. கை எட்டாத வண்டிதான் மூன்று மாதத்தில் மாடிப்படிக்குக் கீழே போகிற வண்டி. நான் கியருக்கும் பிரேக்குக்கும் முன்னால் சைஸை வைப்பேன். ஒரு சைஸ் பெரிய நல்ல வண்டியும் சரியான சைஸில் சுமாரான வண்டியும் இருந்தால் சுமாரானதை எடுங்கள்.

அளக்கிறது சுலபம். செருப்பைக் கழற்றிச் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவில் சீட் மாதிரி இறுக்கி மேலே வைத்து, புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைக்கு அளக்கச் சொல்லுங்கள். அதை 0.883-ஆல் பெருக்கினால் பெடல் தண்டு ரெண்டும் சேர்ந்து சுற்றுகிற அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை வேண்டிய உயரம் வரும். 78 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 69. அந்த உயரத்தில் சீட்டை வைத்துவிட்டு, ஃபிரேமின் மேல் குழாய்க்கு இரு பக்கமும் காலை ஊன்றி நின்று பாருங்கள், ரெண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். அப்புறம் ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். முழங்கை நேராக விறைத்து நின்றால் அது உங்கள் வண்டி கிடையாது.

கடைக்கு வெளியே ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

29 ஜூன்

நல்லேப்பிள்ளி டீச்சர் ஒருவர், ஸ்கூலுக்கு ஆறு கிலோமீட்டர், வீட்டில் அப்பாவின் பழைய கருப்பு சைக்கிள் கிடக்கிறது, அதையே சரி செய்து ஓட்டலாமா என்று கேட்கிறார்.

ஆறு கிலோமீட்டருக்கு அதற்கு மேலே வண்டி வேண்டியதில்லை டீச்சர். செயின் முழுக்க மூடி, சேலைக்கு வலை, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் அதிலேயே இருக்கும், ரோடு பைக்கில் அது ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. ஒரே ஒரு எச்சரிக்கை. இரும்பு ரிம்மில் குரோம் பூசியிருப்பார்கள், அது நனைந்தால் பிரேக் பிடிக்கவே பிடிக்காது, ரப்பர் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். மழை நாளில் தூரத்திலிருந்தே பிடித்துப் பிடித்து வாருங்கள், அந்தப் பிரேக்குக்குச் சேருகிற அலுமினிய ரிம் கிடைத்தால் ரெண்டு சக்கரத்துக்கும் மாற்றிவிடுங்கள்.

ஆனால் டயர் வாங்கும்போது கவனம். பழைய கருப்பு வண்டியின் சக்கரத்தையும் 28 இஞ்ச் என்பார்கள், ரோடு பைக்கின் 700சி சக்கரத்தையும் சில கடைகளில் 28 இஞ்ச் என்பார்கள். டயர் உட்கார்கிற விட்டம் பழையதில் 635 மி.மீ., 700சி-யில் 622. ஒன்றை இன்னொன்றில் ஏற்ற முடியாது. டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் அந்த எண் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும், அதைப் படித்துச் சொல்லி வாங்குங்கள். 29 இஞ்ச் மலை சைக்கிள் என்பதும் அதே 622-தான், பேர் வைத்தவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

30 ஜூன்

டயர் பேச்சிலிருந்து வால்வுக்கு வந்திருக்கிறோம், வரட்டும். மெல்லிய நீளமான வால்வு வைத்த டியூப் வந்தால் பஞ்சர் கடையில் காற்று அடிக்க முடியாது, அதற்கு ஒரு பித்தளை மூடி மாதிரி அடாப்டர் இருக்கிறது, ரொம்பச் சல்லிசு. ரெண்டு வாங்கி ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். மோட்டார் பைக், கார் டயரில் இருக்கிற தடித்த வால்வு உங்கள் ரிம்மின் துளைக்குச் சேருமென்றால் அதுவே நிம்மதி. ஒன்று மட்டும்: கம்பிரசர் குழாயைக் கடைப்பையன் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். லாரி டயருக்கு அடிக்கிற கை, சைக்கிள் டியூப் ரெண்டு நொடியில் வெடிக்கும்.

20 ஜூலை

எட்டிமடையிலிருந்து ஒரு நண்பர், வாளையாறு வழியாக நெடுஞ்சாலையிலேயே கஞ்சிக்கோடு போகலாமா என்று. போகலாம், 544-ஆம் எண் சாலை நாலு வழி, ஓரத்தில் இடமும் உண்டு. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச்சாவடி போன பிறகு வாளையாற்றில் அந்தக் காலத்து லாரி வரிசை இல்லை. ஆனால் ஓரத்தில்தான் வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிர்ந்த மெல்லிய கம்பித்துண்டு கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது, டயருக்குள் போனால் மூன்று நாள் கழித்துத்தான் காற்று இறங்கும். பஞ்சர் ஒட்டிவிட்டு டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பார்க்காமல் மாட்டினால் அதே இடத்தில் மறுபடியும் போகும். வெறும் விரலால் தடவாதீர்கள், விரலில் ஏறும்.

வாளையாறு கஞ்சிக்கோடு நடுவில் காட்டோரம் யானை வரும் என்பது உங்களுக்கே தெரியும். இருட்டிய பிறகு அந்தப் பக்கம் சைக்கிள் வேண்டாம், இதில் வாதம் கிடையாது.

மழையில் பிரேக் பற்றி: ரிம்மைப் பிடிக்கிற பிரேக் நனைந்தால் முதல் சுற்றில் தண்ணீரைத் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும். மணலும் சேர்ந்தால் கட்டையும் தேயும் ரிம்மும் தேயும். டிஸ்க் பிரேக் நனைந்தாலும் பிடிக்கும். ஆனால் இந்த விலையில் வருகிற கேபிள் டிஸ்க்குகள் சிலவற்றை வாராவாரம் திருகாவிட்டால் தொங்கிவிடும், செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு சொட்டு தட்டில் விழுந்தால் பிரேக் கட்டையையே மாற்ற வேண்டியதுதான். எனக்கு ரிம் பிரேக் போதும், மழைக்காலத்துக்கு ஒரு செட் கட்டை என்று ஒதுக்கிவிட்டேன். சாமான் சுலபமாகக் கிடைக்கிறது என்பதும் காரணம், கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறவன் டிஸ்க் கட்டைக்குக் கோயம்புத்தூர் போய் நிற்க முடியாது.

6 ஆகஸ்ட்

தம்பி இன்னும் வாங்கவில்லை. ஹைபிரிட்டை மனசு ஏற்கவில்லையாம். சரி, ஜூனிலிருந்து நான் பேசிக்கொண்டிருப்பதெல்லாம் புது வண்டிக்கு. பழையது வாங்கத் தயார் என்றால் கதையே வேறு, 20,000 கையில் இருக்கும்போது வளைந்த ஹேண்டில்பார் வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து அதுதான் உருப்படியான வழி.

ரோடு பைக்குக்குக் கியரும் பிரேக்கும் செய்கிற ஷிமானோ கம்பெனியில் கீழிருந்து மேலே டூர்னி, கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105 என்று வரிசை. கிளாரிஸ் 8 கியர், சோரா 9. பிரேக் லீவருக்குள்ளேயே கியரும் இருக்கிற கிளாரிஸ் வண்டி புதிதாக உங்கள் பட்ஜெட்டுக்கு மேலேதான். ஆனால் கோயம்புத்தூரில் கொரோனா நேரத்தில் ஆசையாக வாங்கிப் பால்கனியில் நிறுத்தியவர்கள் நிறைய. அங்கே தேடுங்கள். 9 வேண்டாம் 8 எடுங்கள் என்பேன், 6, 7, 8 மூன்றுக்கும் ஒரே செயின், சல்லிசு, எங்கேயும் கிடைக்கும்.

பார்க்கப் போகும்போது பகலில் போங்கள், விளக்கு வெளிச்சத்தில் எல்லா ஃபிரேமும் அழகு. ஹேண்டில்பாருக்குக் கீழே ரெண்டு குழாய் சேருகிற இடத்தில் பெயின்ட் சுருங்கியோ வீங்கியோ இருந்தால் முன்னால் மோதிய வண்டி, திரும்பி வந்துவிடுங்கள். சீட் தண்டு கழன்று மேலே கீழே நகர்கிறதா என்று பாருங்கள், வருஷக்கணக்காக அசைக்காத தண்டு ஃபிரேமோடு பிடித்துக்கொள்ளும், அதை எடுக்க எந்தக் கடையும் உத்தரவாதம் தராது. பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், லொடலொடவென்று ஆடக் கூடாது. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பிரேக் கட்டையைக் கவனியுங்கள், லேசான பென்டு எடுத்துவிடலாம், ரிம்மில் விரிசல் இருந்தால் எடுக்க முடியாது. பின் கியரை மாற்றுகிற கை நேராகத் தொங்குகிறதா, உள்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பின்னால் நின்று பாருங்கள், சாய்ந்திருந்தால் வலது பக்கம் விழுந்த வண்டி, சரி செய்துவிடலாம், ஆனால் அதைச் சொல்லி விலை குறையுங்கள். டயர் புதிதாக இருந்தால் மயங்காதீர்கள். பில் கேளுங்கள். பில் தொலைந்துவிட்டது என்றால், ஃபிரேம் நம்பரோடு ஒரு வெள்ளைத்தாளில் விற்றதாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் தயங்கினால் அது அவர் வண்டியாக இருக்க வாய்ப்பு குறைவு.

எல்லாவற்றுக்கும் மேலே, சைஸ். ரெண்டாம் கையில் வாங்கும்போதுதான் எல்லாரும் சைஸை விட்டுக்கொடுக்கிறார்கள், "நல்ல விலைக்கு வந்தது" என்று.

4 செப்டம்பர்

நாளை திருவோணம், போனஸ் கையில், தம்பி புது வண்டிக்கே போய்விடலாமா என்று ஊசலாடுகிறார். இன்றைக்கு வாங்க வேண்டாம். நேற்று ஜி.எஸ்.டி. கவுன்சில் சைக்கிளுக்கு 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்திருக்கிறது, செப்டம்பர் 22 முதல். 20,000 விலையில் வரி போக அசல் 17,857. அதற்கு 5 சதவீதம் சேர்த்தால் 18,750. 1,250 ரூபாய் என்பது ஒரு ஹெல்மெட் காசு. பதினெட்டு நாள் பஸ்ஸில் போங்கள்.

5 செப்டம்பர்

தம்பியின் அப்பாவும் செய்தி பார்க்கிறவராம். 350 சி.சி. வரை மோட்டார் வண்டிகளுக்கும் 28-லிருந்து 18 ஆகியிருக்கிறது, அந்தக் காசைப் போட்டு மீதியைக் கடன் வாங்கி ஒரு எக்ஸ்எல் எடு என்கிறாராம். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

கணக்குப் போட்டுக் காட்டுங்கள் தம்பி. தினம் முப்பது கிலோமீட்டருக்கு மேல், நடைமுறையில் லிட்டருக்கு ஐம்பது ஓடும் என்று வைத்தால் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வேலந்தாவளத்துக்காரர்கள் எல்லோரையும் போல் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் மிச்சம் பிடிக்கத் தமிழ்நாட்டுப் பக்கம் போய்ப் பெட்ரோல் போட்டாலும் மாதம் ஆயிரத்து அறுநூறு போகும். கடன் தவணை, இன்ஷூரன்ஸ் தனி. அப்பா இதற்குப் பதில் சொல்வார், "மழையில என்ன பண்ணுவே" என்பார். மழையில் எக்ஸ்எல்லிலும் நனையத்தான் வேண்டும். ஆனால் பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று சொன்னால் என்னிடம் பதில் இல்லை, எக்ஸ்எல்தான்.

28 செப்டம்பர்

விலை குறைந்ததா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பெட்டியில் ஒட்டிய பழைய விலையைக் காட்டி "தள்ளுபடி போகக் கொடுக்கிறேன்" என்று ஒரு கடையில் என்னிடமே சொன்னார்கள். பில்லில் வரி எத்தனை சதவீதம் என்று கேளுங்கள், அதோடு பேச்சு முடியும்.

26 அக்டோபர்

தம்பி வாங்கிவிட்டார். தீபாவளிக்கு முந்தின வாரம், கோயம்புத்தூரில், ரெண்டாம் கை, வளைந்த ஹேண்டில்பார், கிளாரிஸ், 28 டயர், சைஸ் சரி, 17,500. ஃபிரேமில் கேரியர் துளை இருக்கிறது, நேராக அதைத்தான் பார்த்தாராம். மட்கார்டு மட்டும் பிளாஸ்டிக்கில் கிளிப் வகை. அப்பா வந்து பார்த்துவிட்டு, ஸ்டாண்டு எங்கே என்றாராம். இந்தக் கேள்விக்கு எந்த அப்பாவிடமும் யாரும் இதுவரை பதில் சொல்லித் தப்பித்ததில்லை.

முதல் வாரத்துக்கு: கீழ்ப்பகுதியைப் பிடித்து ஓட்டிப் பழகுங்கள், காலி ரோட்டில், பிரேக் அங்கிருந்து விரலுக்கு எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு. எட்டாவிட்டால் லீவரை உள்பக்கம் கொண்டுவர ஒரு சின்னத் திருகாணி இருக்கலாம், இல்லையென்றால் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்புங்கள். சாப்பாட்டை முதுகுப் பையில் தூக்காதீர்கள். முதுகு நனைவது ஒரு பக்கம், குனியும்போது தூக்குவாளி கழுத்துக்கு வரும், சாம்பாரும் கூடவே வரும். கேரியரில் பை கட்டிவிடுங்கள்.

30 நவம்பர்

விருச்சிகக் காற்று ஆரம்பித்துவிட்டது. காலையில் நாற்பது நிமிஷத்தில் போய்விட்டேன் என்று தம்பி சந்தோஷமாக எழுதியிருக்கிறார். சாயங்காலம் எத்தனை நிமிஷம் என்று எழுதவில்லை.

பொள்ளாச்சி அண்ணன் கேட்கிறார், இப்போதாவது ஒத்துக்கொள்கிறாயா என்று. ரெண்டாம் கையில், சைஸ் சரியாக, கீழே பிடிக்கப் பழகிய ஆளுக்கு வளைந்த ஹேண்டில்பார் நல்லது என்று ஆகஸ்டிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன் அண்ணா. 20,000-க்குப் புதிதாக வாங்கப் போகிறவர் இன்றைக்கு வந்து கேட்டாலும் ஹைபிரிட் என்றுதான் சொல்வேன். நீங்கள் வந்தால் ஹேண்டில்பார் அறுத்த என் ஹைபிரிட்டோடு தத்தமங்கலம் வரை ஒரு நடை வைத்துக்கொள்வோம், டீ தோற்றவர் கணக்கில்.

12 டிசம்பர்

தம்பி வண்டியில் மிதிக்கும்போது கரகர என்கிறதாம், பழைய செயின் போய்விட்டதா என்று கேட்கிறார். கடைக்குப் போகும் முன்னால் ஒரு அடி இரும்பு ஸ்கேல் எடுங்கள். செயினை இழுத்து விறைப்பாக வைத்து, ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு ரிவெட்டின் நடுவில் வையுங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு ரிவெட்டின் நடு வந்து நிற்கும். 1/16 அங்குலம் தாண்டி நின்றால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 1/8 தாண்டியிருந்தால் பின்னால் பல் சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும், ரெண்டையும் மாற்றணும், புதுச் செயினை மட்டும் போட்டால் அழுத்தும்போது வழுக்கும். ரெண்டும் இல்லையென்றால் வெறும் தூசி, இந்தக் காற்றில் ஒரு வாரத்தில் சேர்ந்துவிடும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பிறகு வெளியே வழிந்ததை முழுக்கத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதை முயற்சி செய்தவர்கள் ரெண்டு பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள்.